பழைய கியர்பாக்ஸில் கோளாறா? ஆயில் டப்பாவைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை

கியர் உரசுகிறது என்று பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை: "90-ஐ இறக்கிட்டு 140 ஊத்திப் பாருங்க சார்." 90, 140 என்பவை கியர் ஆயிலின் தடிமன் எண்கள். ஊற்றினால் சத்தம் கொஞ்சம் அடங்கவும் செய்யும். ஆனால் மறுநாள் காலையில் இரண்டாவது கியர் முன்பைவிட முரண்டு பிடிக்கும். கெட்டியான ஆயில் தேய்ந்த பேரிங்கின் சத்தத்தை அமுக்கும், ஆனால் சின்க்ரோவின் (கியர் விழுமுன் வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் வளைய அமைப்பு) வேலையைக் கெடுக்கும். எனவே வண்டி காட்டும் அறிகுறியில் தொடங்க வேண்டும். கோளாறு ஆயிலில்தானா, ஆயில்தான் என்றால் எதை ஊற்றுவது, இல்லையென்றால் எங்கே கை வைப்பது என்பது அதற்கு அடுத்து. மாருதி 800, ஆம்னி, ஜிப்சி, அம்பாசிடர், மஹிந்திரா ஜீப், பழைய சான்ட்ரோ, ஆக்சென்ட் போன்ற வண்டிகளுக்காக எழுதியது இது. இன்றைய வண்டிகளின் 6 கியர் பெட்டிகளுக்குக் கணக்கு வேறு.

டப்பாவில் படிக்க வேண்டிய இரண்டு வரிகள்

ஒன்று எஸ்ஏஇ எண், அது ஆயிலின் தடிமனைச் சொல்லும். இன்னொன்று ஏபிஐ ஜிஎல் எண், அது எவ்வளவு அழுத்தத்துக்கான ஆயில் என்று சொல்லும். முன்பக்கம் பெரிதாக "இபி 90" என்று இருந்தால் அதில் பாதி விவரம்தான் இருக்கிறது. இபி என்றால் அதிக அழுத்தம் தாங்கும் சேர்மானம் கலந்தது, அவ்வளவே. எந்த ஜிஎல் என்பது டப்பாவின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

காருக்கு இன்று பொருட்படுத்த வேண்டியவை ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும்தான். ஐந்து நான்கைவிடப் பெரிய எண், அதனால் உசத்தி என்று நினைத்து ஊற்றியதால் கெட்ட கியர்பாக்ஸ்கள் ஏராளம். ஜிஎல்-5 பின் ஆக்ஸிலில் உள்ள ஹைப்பாய்ட் பற்களுக்காக வந்த தரம். அங்கே பினியனின் (சின்னப் பல்சக்கரம்) மையம் கிரவுனின் (பெரிய பல்சக்கரம்) மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நீளவாக்கில் இழுபட்டுச் சறுக்கவும் செய்யும். அந்த அழுத்தத்தில் ஆயில் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அப்போது எஃகும் எஃகும் ஒட்டிப் பிய்ந்து போகாமல் காப்பது கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம். ஜிஎல்-5-இல் இந்தச் சேர்மானம் ஜிஎல்-4-இல் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கியர்பாக்ஸுக்குள் அவ்வளவு சறுக்கல் கிடையாது. ஆனால் அங்கே பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கின்றன, சில பெட்டிகளில் வெண்கல புஷ்களும் உண்டு. ஆயில் நன்றாகச் சூடேறும்போது வினைபுரியக்கூடிய கந்தகம் செம்போடு சேர்ந்து கருப்புப் படலமாகும், அந்தப் படலம் உதிரும், மறுபடி புதிதாக உருவாகும். இது ஒரே வாரத்தில் நடப்பதில்லை. ஆனால் 30 வருட வண்டிக்கு இனிமேல் புது வளையம் கிடைப்பது லேசல்ல என்பதால் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

கந்தகத்தைவிட உடனடியாகத் தெரியும் கெடுதல் வழுக்கல். சின்க்ரோ வளையத்தின் உட்புறக் கூம்பில் மயிரிழை போல வரிகள் வெட்டியிருப்பார்கள். கியர் போடும்போது அந்த வரிகள் ஆயில் படலத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு, கியரின் கூம்பைக் கவ்விப் பிடிக்கும். இரண்டின் வேகமும் ஒன்றானதும், கியரை ஷாஃப்டோடு பூட்டும் ஸ்லீவ் உள்ளே நழுவும். அதாவது வளையத்துக்கு உராய்வு வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது, வேகம் ஒத்துப்போகுமுன் ஸ்லீவ் போய் மோதும். "கிர்ர்" என்று கேட்பது அந்த மோதல்தான்.

"ஜிஎல்-4/ஜிஎல்-5 இரண்டுக்கும் ஏற்றது" என்று அச்சிட்ட டப்பாக்களும் கடையில் உண்டு. ஜிஎல்-5 தேர்வில் தேற வேண்டுமானால் சேர்மானம் அந்த அளவுக்கு இருந்தே ஆக வேண்டும். ஆகவே அதை ஜிஎல்-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சின்க்ரோ உள்ள கியர்பாக்ஸுக்கும் மஞ்சள் உலோகத்துக்கும் பாதுகாப்பானது என்று தயாரிப்பாளர் வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. சந்தேகமிருந்தால் அந்த ஆயிலின் தொழில்நுட்பத் தாளை எடுத்து ஏஎஸ்டிஎம் டி130 என்ற வரியைத் தேடுங்கள். மெருகேற்றிய செம்புப் பட்டையைச் சூடான ஆயிலில் ஊறவைத்து, அது எவ்வளவு கறுக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. கியர் ஆயிலுக்கு வழக்கமாக 121 டிகிரியில் 3 மணி நேரம் வைப்பார்கள். 1ஏ, 1பி என்றால் நல்லது. 2 என்று தொடங்கினால் பழைய கியர்பாக்ஸுக்கு வாங்க வேண்டாம். எம்டி-1 என்று எழுதிய ஆயில் சின்க்ரோ இல்லாத லாரி, பஸ் பெட்டிகளுக்கானது, அதை ஒதுக்கிவிடலாம்.

தடிமன் எண்ணில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கியர் ஆயில் 90 என்பது இன்ஜின் ஆயில் 50-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி அல்ல, அளவுகோலே வேறு. 100 டிகிரியில் கியர் ஆயில் 90-இன் பாகுத்தன்மை 13.5-க்கு மேல், 18.5 சென்டிஸ்டோக்குக்குள் (பாகுத்தன்மையின் அலகு அது, எண் கூடினால் கெட்டி). இன்ஜின் ஆயில் 40-க்கு அதே சூட்டில் 12.5 முதல் 16.3 வரை, 50-க்கு 16.3 முதல் 21.9 வரை. ஆக 90 கியர் ஆயிலும் 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயிலும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான். (டபிள்யூ ஒட்டிய முதல் எண் குளிருக்கு, அடுத்த எண் சூட்டுக்கு.) 140 என்பது 24-இல் தொடங்கி 32.5 வரை போகும். 90-இலிருந்து 140-க்குப் போவது சின்னத் தாவல் அல்ல.

காலையில் மட்டும் 2-ஆவது கியர் மறுக்கிறது, 10 கிலோமீட்டர் ஓடினால் சரியாகிறது

ஆயில் கெட்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. குளிர்ந்த ஆயிலை வளையத்தின் வரிகளால் வெட்டி ஒதுக்க முடியவில்லை. சென்னையிலோ மதுரையிலோ மே மாதத்தில் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் காலையில் நன்றாகத் தெரியும்.

முதலில் உள்ளே இருப்பது என்ன என்று கண்டுபிடியுங்கள். முந்தைய ஓனர் 140 ஊற்றியிருந்தால், லெவல் பிளக்கை (ஆயில் அளவு பார்க்கும் துளையின் மூடி) திறந்து விரலால் தொட்டு எடுக்கும்போது ஆயில் நூலாக நீளும். பொதுவாக 40 டிகிரியில் மினரல் 140-இன் பாகுத்தன்மை 350 சென்டிஸ்டோக்கைத் தாண்டும். 80டபிள்யூ-90 ஏறக்குறைய 140, சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஏறக்குறைய 100. 75டபிள்யூ-80 என்றால் 50, 60 அளவில்தான் இருக்கும். காலை முரண்டுக்கும் சூட்டில் சரியாவதற்கும் காரணம் இந்த எண்களுக்குள்ளேயே இருக்கிறது.

தீர்வு: ஜிஎல்-4, 75டபிள்யூ-90. கையேடு 75டபிள்யூ-85 சொன்னால் அதையே ஊற்றுங்கள். சான்ட்ரோ, ஆக்சென்ட் காலத்து ஹூண்டாய் பெட்டிகளுக்கு ஜிஎல்-4, 75டபிள்யூ-85 என்றே கையேடு சொல்கிறது. அதில் 90 ஊற்றிவிட்டு கியர் இறுக்கம் என்று புகார் சொல்வதில் நியாயமில்லை. முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி இன்னும் ஒரு படி வேறு. அதற்கு ஹோண்டாவின் சொந்த எம்டிஎஃப் (மேனுவல் கியர்பாக்ஸ் ஆயில்) வேண்டும், கிடைக்காவிட்டால் தற்காலிகமாக 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலை ஹோண்டாவே அனுமதிக்கிறது. 90-ஐ அதில் ஊற்றவே கூடாது.

மோரிஸ் கார்களைச் செய்த பழைய பிரிட்டிஷ் நிறுவனமான பிஎம்சி வழிப் பெட்டிகளும் இப்படித்தான். இலங்கையில் இன்றும் ஓடும் மோரிஸ் மைனர் 1000-இன் கியர்பாக்ஸ் இன்ஜின் ஆயிலில் ஓடும்படி செய்யப்பட்டது. 20டபிள்யூ-50 மினரல் ஆயில் போதும், 90 தேவை பின் ஆக்ஸிலுக்கு மட்டுமே. அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-இன் வாரிசு. பின்னாளில் இஸுஸு இன்ஜினோடு வந்த 5 கியர் வண்டிகளில் பெட்டியே வேறு. ஆகவே "அம்பாசிடருக்கு எந்த ஆயில்" என்று பொதுவாகக் கேட்காமல், உங்கள் வண்டியில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று பார்த்து அதன் கையேட்டைத் தேடுங்கள்.

கையேடு சொல்வதைவிட மெல்லிய ஆயிலுக்குப் போகாதீர்கள். கியர் வெண்ணெய் போல விழும், ஆனால் தேய்ந்த பேரிங் ஊளையிடத் தொடங்கிவிடும்.

சூட்டிலும் உரசல், அதுவும் ஆயில் மாற்றிய பிறகுதான் தொடங்கியது

ஊற்றியது ஜிஎல்-5 என்று சந்தேகிக்கலாம். எல்எஸ்டி, அதாவது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கான ஆயில் என்றால் இன்னும் மோசம். வழுக்குவதற்கென்றே அதில் கூடுதல் சேர்மானம் இருக்கும். வாங்கிய டப்பாவைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். தலைகீழ்த் தவறும் நடக்கும்: ஆம்னியின் பின் ஆக்ஸிலில் மிச்சமிருந்த ஜிஎல்-4-ஐ ஊற்றிவிட்டு நிம்மதியாகப் போவார்கள். அது கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றுவதைவிட ஆபத்து. ஹைப்பாய்ட் பற்களின் முகம் சொரசொரத்து ஊளையிட ஆரம்பித்தால் பிறகு எந்த ஆயிலும் அதைத் திரும்ப மழமழப்பாக்காது. பின்சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு எப்போதும் இரண்டு டப்பா: பெட்டிக்கு ஜிஎல்-4, ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5. மாருதி 800 போன்ற முன்சக்கர இயக்க வண்டிகளில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது, அதன் பற்களும் ஹைப்பாய்ட் அல்ல, சாய்வாக வெட்டிய சாதாரண ஹெலிகல். அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஜிஎல்-4 போதும்.

ஜிஎல்-5-ஐ இறக்கி ஜிஎல்-4 ஊற்றினாலும் பழையது முழுவதுமாக வெளியேறாது. பேரிங் குழிகளிலும் உறையின் மூலைகளிலும் கொஞ்சம் தங்கும். 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை மாற்றுங்கள். இரண்டும் கலந்தால் திரிந்துபோகும் என்ற பயம் வேண்டாம், சேர்மானம் நீர்த்த ஜிஎல்-5 ஆக இருக்கும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மிச்சமாகும் மண்ணெண்ணெய் புது ஆயிலை மெலிதாக்கும், சீலின் உதட்டையும் கெடுக்கும்.

இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகும் உரசல் அப்படியே இருந்தால் வளையம் தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்யலாம். பெட்டியைப் பிரித்த பின் உறுதிசெய்வது எளிது. வளையத்தைக் கியரின் கூம்பின் மேல் கையால் அழுத்திவிட்டு, வளையத்தின் பல்முகத்துக்கும் கியரின் பல்முகத்துக்கும் இடையே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழையுங்கள். பழைய சுசுகி பெட்டிகளில் புது வளையத்துக்கு 1 மி.மீ. அல்லது சற்று மேல் இடைவெளி இருக்கும், 0.5 மி.மீ.க்குக் குறைந்தால் வளையத்தை மாற்ற வேண்டும். அழுத்திய வளையம் கூம்பில் கவ்வாமல் வழுக்கிச் சுற்றினால் அளக்கவே தேவையில்லை.

வண்டி நிற்கும்போது ரிவர்ஸ் போட்டால் மட்டும் கிர்ர்

இதற்கு ஆயில் மாற்றி ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ பொதுவாகக் கிடையாது. ஐட்லிங்கில் கிளட்சை முழுவதும் மிதித்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கியர்பாக்ஸ் நலமாக இருக்கிறது, உங்கள் அவசரம்தான் காரணம். ஐந்து எண்ணிய பிறகும் உரசினால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை. கேபிள் நீண்டிருக்கலாம், ஹைட்ராலிக் என்றால் சிலிண்டரில் காற்று இருக்கலாம், கிளட்ச் தட்டு ஸ்ப்ளைனில் துருவேறி ஒட்டியிருக்கலாம், பைலட் பேரிங் இறுகியிருக்கலாம்.

இன்னொரு சோதனையும் இதோடு சேரும். இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். நிறுத்தியபோது சுலபமாக விழுந்து, ஓடும்போது எல்லா கியரும் இறுக்கம் என்றால் கிளட்சைப் பாருங்கள். நிறுத்தியபோதும் இறுக்கம் என்றால் லிங்கேஜ் புஷ், வளைந்த ராடு, காய்ந்த கிரீஸ் என்று வெளிப்பக்கத்தில் தேடுங்கள். மாருதி 800-இல் தேய்ந்த லீவர் புஷ்ஷை மாற்றியதும் "கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்ற புகார் தீர்ந்துபோவது சகஜம்.

பழைய அம்பாசிடரிலும், வில்லிஸ் வழி வந்த டி-90 பெட்டி உள்ள ஜீப்பிலும் முதல் கியருக்கு சின்க்ரோவே இல்லை. ஓடும்போது அதற்கு இறக்கினால் உரசத்தான் செய்யும். நிறுத்திப் போடுங்கள், அல்லது டபுள் கிளட்ச் (நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, இன்ஜின் வேகத்தை ஏற்றி, மறுபடி மிதித்து கியர் போடுவது) பழகுங்கள்.

கியரைப் பொறுத்து மாறும் சத்தம்

நியூட்ரலில் ஐட்லிங் ஓடும்போது கரகரப்பு, கிளட்சை மிதித்ததும் நிற்கிறது என்றால் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினிலிருந்து வரும் தண்டு) அல்லது லே ஷாஃப்ட் (அதனால் சுழலும் துணைத் தண்டு) பேரிங். மிதித்ததும் சத்தம் தொடங்கினால் ரிலீஸ் பேரிங், அது ஆயிலுக்கு வெளியே இருக்கும் பொருள். பின்சக்கர இயக்கம் உள்ள 4 கியர் வண்டியில் 1, 2, 3-இல் உறுமி டாப்பில் மட்டும் அமைதியானால் லே ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகியுங்கள். டாப்பில் சக்தி நேராகப் போய்விடும், லே ஷாஃப்ட் சுமை இல்லாமல் சும்மா சுற்றும். முன்சக்கர இயக்கப் பெட்டியில் நேர் கியர் கிடையாது, அதனால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் என்றால் அந்த ஜோடியின் பல். எந்த கியரிலும் ஒரே மாதிரி, வேகத்தோடு மட்டும் ஏறும் சத்தம் வீல் பேரிங்கிலோ ஆக்ஸிலிலோ பிறக்கிறது.

ஆயில் இங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: அளவு குறைந்திருந்தால் நிரப்பலாம். அளவு சரியாக இருந்தும் சத்தம் வந்தால் 140 ஊற்றுவது வலி மாத்திரைதான், பேரிங் உள்ளே தன் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் கழன்று நியூட்ரலுக்கு வருவதும் ஆயில் கோளாறு அல்ல. லாக் பால் ஸ்பிரிங், தேய்ந்த ஃபோர்க், ஸ்லீவின் பல் ஓரம் மழுங்கல், உடைந்த இன்ஜின் மவுன்ட் ஆகிய நான்கில் ஒன்று. மவுன்டை முதலில் பாருங்கள், அதற்குத்தான் செலவு குறைவு.

கசிவு

கசிவு என்றதும் சீலை மாற்றக் கிளம்புவதற்கு முன் பெட்டியின் மேலே உள்ள பிரீதரை, அதாவது காற்று போகும் சின்னத் துளையைத் தேடுங்கள். சேறும் கிரீஸும் அடைத்திருந்தால், சூடேறும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியே தள்ளும். கம்பியால் குத்தி, காற்றடித்துச் சுத்தம் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். அடுத்த காரணம் அதிக அளவு. லெவல் துளைக்கு மேல் போக வாய்ப்பில்லை என்று நினைப்போம். ஆனால் ஒரு பக்கம் சாய்ந்த தரையிலோ, ஜாக்கியில் முன்பக்கத்தை மட்டும் தூக்கியோ ஊற்றினால் அரை லிட்டர் வரை அதிகமாகப் போய்விடும்.

மினரலில் வருடக்கணக்கில் ஓடிய வண்டிக்கு சிந்தெடிக் ஊற்றியதும் கசிவு தொடங்கினால் ஆயிலைத் திட்ட வேண்டாம். சீலின் உதடு ஏற்கெனவே காய்ந்து கெட்டியாகிவிட்டது, படிந்திருந்த கசடு அதை அடைத்துக்கொண்டிருந்தது. சீல் மாற்ற மனமில்லை என்றால் மினரல் 80டபிள்யூ-90 ஜிஎல்-4-க்கே திரும்பிவிடலாம். கசிவை நிறுத்த கிரீஸ் அடைக்கும் வித்தைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல் சுற்றும்போது கிரீஸ் இரு பக்கமும் ஒதுங்கி நின்றுவிடும், ஆயிலைப் போல வழிந்து திரும்பி வராது. சுற்றிலும் கிரீஸ் இருக்க, நடுவில் பல் காய்ந்து ஓடும்.

இறக்கிய ஆயில் என்ன சொல்கிறது

வெள்ளை பிளாஸ்டிக் டப்பில் பிடியுங்கள், அளந்து பாருங்கள். 2 லிட்டர் பிடிக்கும் பெட்டியிலிருந்து 700 மில்லி மட்டும் வந்தால், எந்த ஆயில் என்ற கேள்விக்கே இடமில்லை. உங்கள் கோளாறு அளவில் இருக்கிறது.

பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், பற்கள் காலப்போக்கில் தேயும் எஃகுத் துகள் அது. விரலில் தேய்த்தால் மாவாக இருக்க வேண்டும். நறநறவென்று கடித்தால், நகம் போல் சில்லு வந்தால், ஊசி போன்ற உருளைகள் கிடைத்தால் வண்டியை நிறுத்துங்கள். அது பல்லோ நீடில் பேரிங்கோ.

பித்தளைக்குக் காந்தம் உதவாது. ஆயிலை வெயிலில் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தங்க நிறத்தில் மினுமினுப்பு ஓடினால் அது சின்க்ரோ வளையம் கரைந்த தூள். கொஞ்சம் இருந்தால் வயது, மெட்டாலிக் பெயின்ட் கலந்தது போலத் தகதகத்தால் வளையம் வேகமாகப் போகிறது. தூளைப் பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டால், காபி வடிகட்டும் துணியில் ஆயிலை வடியவிட்டு அடியில் தங்குவதைப் பாருங்கள்.

பால் காபி நிறம் என்றால் தண்ணீர். மழைநீரில் ஓட்டிய வண்டிகளில் இது வரும். சூடான பெட்டி திடீரென்று வெள்ளத்தில் மூழ்கிக் குளிர்ந்ததும் உள்ளே காற்று சுருங்கும், அந்த வெற்றிடம் பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். உடனே மாற்றி, 100 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங்கில் துருப்புள்ளி விழும்.

கந்தக வாடை வந்தால் அது கோளாறு அல்ல, கியர் ஆயிலின் இயல்பே அதுதான். கருகிய வாடையோடு கருத்திருந்தால் அளவு குறைந்து சூடேறியிருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் மரத்தூளோ கெட்டிக் கிரீஸோ வந்தால், விற்றவர் சத்தத்தை மறைத்துக் கொடுத்திருக்கிறார். அதை முழுவதும் கழுவி எடுத்த பிறகு கேட்கும் சத்தம்தான் உங்கள் பெட்டியின் உண்மையான சத்தம்.

ஜீப்பும் ஜிப்சியும்

இவற்றில் அறைகள் அதிகம், அளவுகளும் வெவ்வேறு. ஜிப்சியின் உடன்பிறப்பான சுசுகி சாமுராய்க்குக் கையேடு தரும் அளவு: கியர்பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) 0.8, முன் டிஃபரன்ஷியல் 2.0, பின் டிஃபரன்ஷியல் 1.5. ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒரு குட்டி ஷாஃப்ட்டால் இணைந்து தனியாகத் தொங்குகிறது, ஆகவே கியர்பாக்ஸ் ஆயில் அதற்குள் போக வழியில்லை. டி-90 ஜீப்பில் இரண்டும் முகத்தோடு முகம் பொருந்தியிருக்கும். கியர்பாக்ஸில் அளவு குறைந்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் லெவல் துளையைத் திறந்ததும் ஆயில் கொட்டினால் அது வெளிக் கசிவு அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறுகிறது. இந்த வண்டியில் இரண்டு அறைக்கும் ஒரே ஆயில், ஜிஎல்-4 90, ஊற்றுவது புத்திசாலித்தனம். கலந்தாலும் கெடுதல் இல்லை, மாதம் ஒருமுறை இரண்டு லெவலையும் சேர்த்துப் பார்த்தால் போதும்.

மாற்றும் முறை

வண்டியை 15, 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து தொடங்குங்கள். சூடான ஆயில் அடிக்கசட்டையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். சமதளத்தில் நிறுத்துங்கள். தூக்க வேண்டுமானால் நான்கு சக்கரமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டின் மேல் இருக்கட்டும், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

முதலில் மேலே உள்ள லெவல் பிளக்கைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகு டிரெய்ன் பிளக். இந்த வரிசையை மாற்றி டிரெய்னைத் திறந்து ஆயிலைக் கொட்டிய பிறகு லெவல் பிளக் அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். தலை மழுங்கிய பிளக்கை ரெஞ்சால் திருகாதீர்கள், சரியான சதுரக் கட்டையோ ஆறுமுக சாக்கெட்டோ போட்டு, சுற்றியுள்ள உறையைச் சூடாக்கித் திருப்புங்கள். பல வண்டிகளில் உறை அலுமினியம் என்பதை மறக்க வேண்டாம். மரை போனால் அந்த ஒரு பிளக்குக்காகப் பெட்டியையே இறக்க நேரிடும்.

அரை மணி நேரமாவது வடியவிடுங்கள். காந்தத்தைத் துடையுங்கள். செம்பு வாஷர் உள்ள பிளக்கானால் புது வாஷர் போடுங்கள். வாஷர் இல்லாமல் மரையே அடைக்கும் வகையாக இருந்தால் மரையில் மெல்லியதாக சீலன்ட் தடவுங்கள், முதல் இரண்டு மரையை விட்டுவிட்டு. டெஃப்லான் டேப் சுற்றினால் துண்டு பிய்ந்து உள்ளே போகும்.

ஊற்றுவதற்குக் கை பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பானட்டிலிருந்து ஒரு மீட்டர் டியூபும் புனலும் போதும். குளிரான நாளில் டப்பாவை வெந்நீரில் அரை மணி வைத்தால் வேகமாக இறங்கும். லெவல் துளையிலிருந்து மெதுவாகச் சொட்டத் தொடங்கியதும் நிறுத்துங்கள். பத்து நிமிடம் காத்திருந்து, அளவு இறங்கியிருந்தால் மறுபடி கொஞ்சம் ஊற்றிவிட்டு மூடுங்கள். மாருதி 800 அளவுள்ள பெட்டிக்கு இரண்டரை லிட்டர் வாங்கி வைத்தால் போதும், மிச்சம் சரிபார்க்க உதவும். எவ்வளவு உள்ளே போனது என்பதை வெளியே வந்த அளவோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், கழிவு ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

500 கிலோமீட்டருக்குப் பின் வண்டி குளிர்ந்திருக்கும்போது லெவலைப் பாருங்கள், பிளக் ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்றும் விரல் வைத்துப் பாருங்கள். ஜிஎல்-5-இலிருந்து மாறியவர்கள் இரண்டாவது முறை இறக்கும்போது, முன்பு போலவே வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுமினுப்பு பாதியாகக் குறைந்து 2-ஆவது கியரும் சாந்தமாகியிருந்தால், அடுத்த மாற்றத்தை 40,000 கிலோமீட்டரிலோ கையேடு சொல்லும் தூரத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது வைத்துக்கொள்ளலாம். குறையவே இல்லை என்றால் பெட்டியை இறக்க வேண்டியதுதான். இறக்குவதற்கு முன் சின்க்ரோ வளையம், பேரிங், ஆயில் சீல், கிளட்ச் தட்டு நான்கும் உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா என்று விசாரித்து, கையில் வாங்கி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். இறக்கி ஏற்றும் கூலி ஒரு முறையோடு போகும், பாகம் வரும்வரை வண்டி கட்டையில் நிற்கவும் வேண்டாம்.